நசரே அலையை யாரும் புதுசா கண்டுபிடிக்கல

போர்ச்சுகல்ல நசரேன்னு ஒரு கடலோர ஊரு, லிஸ்பன்ல இருந்து வடக்க சுமார் 120 கிலோமீட்டர். ஊர் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, ஆனா வீடியோவை நிச்சயம் பாத்திருப்பீங்க. பாறை முனையில ஒரு பழைய கோட்டை, அது மேல சிவப்பா ஒரு கலங்கரை விளக்கம், ஜனங்க கூட்டமா நின்னு பாக்குறாங்க, பின்னாடி ஏழு எட்டு மாடி உயரத்துக்கு அலை எழும்பி வருது, அதுல புள்ளி அளவுக்கு ஒரு ஆள் சறுக்கிட்டு இறங்குறான். வருஷா வருஷம் குளிர்காலத்துல யாராவது ஒருத்தர் அந்த வீடியோவை வாட்ஸப்ல அனுப்பிடுவாங்க.

போன நவம்பர்ல அங்க போயிட்டு வந்தேன். போட்டோ எல்லாம் அப்பவே போட்டாச்சு, இப்ப எழுதுறது வேற விஷயத்துக்காக. லிஸ்பன்ல ஒரு நாள் டூர் விக்கிறவங்க, நெட்ல இருக்கிற பயணக் கட்டுரைங்க, யூட்யூப் வீடியோ, எல்லாத்துலயும் ஒரே கதைதான். 2011ல ஹவாய்ல இருந்து வந்த காரெட் மெக்நமாரான்னு ஒரு சர்ஃபர், அதாவது பலகை மேல நின்னு அலையில சறுக்குறவர், அந்த அலையைக் "கண்டுபிடிச்சார்", அதுவரைக்கும் அது யாருக்கும் தெரியாத மீனவ கிராமம், அப்புறம் உலகமே அங்க வந்துச்சு. அங்க ரெண்டு நாள் தங்கி நாலு பேர்கிட்ட பேசின யாரும் இதை ஒத்துக்க மாட்டாங்க. எனக்கு இந்தக் கதை மேல உண்மையிலேயே கோவம் இருக்கு.

அந்த அலை ஊர்க்காரங்களுக்குத் தெரியாம எப்படி இருக்கும்? நசரேக்கு 1980கள் வரைக்கும் துறைமுகமே கிடையாது. மீன்பிடிக்கப் போற படகை மணல்ல இருந்து நேரா அலைக்குள்ள தள்ளணும், திரும்பி வரும்போதும் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரணும், கரைக்கு வந்ததும் மாடு பூட்டி மணல் மேல இழுப்பாங்க, பிற்காலத்துல டிராக்டர் வச்சு இழுத்தாங்க. அந்தக் கடைசி நூறு இருநூறு மீட்டர்லதான் எத்தனையோ படகு கவிழ்ந்திருக்கு, அதுவும் ஊர்க் கரைக்கு முன்னாடியே, பொண்டாட்டி புள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்கும்போதே. தலையில இருந்து கால் வரைக்கும் கறுப்பு உடுத்தின வயசான பொம்பளைங்களை இன்னைக்கும் அந்தத் தெருவுல பாக்கலாம், புருஷன் போன பிறகு கடைசி வரைக்கும் கறுப்புதான் அங்க வழக்கம். இப்படி வாழ்ந்த ஜனங்களுக்கு எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் அலை எழும்பும்னு சொல்ல ஹவாய்ல இருந்து ஆள் வரணுமா?

கடற்கரையில கருவாடு காயப்போடுற இடத்துக்குப் போனோம். கராபாவ்னு ஒரு மீன், நம்ம பாறை மீன் குடும்பத்துல சேர்ந்த சின்ன மீன், வயித்தைக் கீறி சுத்தம் பண்ணி உப்புத் தண்ணியில ஊறவச்சு, முள்ளோட அப்படியே ரெண்டா விரிச்சு, வலை அடிச்ச மரச்சட்டம் மேல வரிசையா அடுக்கி வெயிலுக்கும் காத்துக்கும் காட்டி வச்சிருக்காங்க. முழுசா காஞ்சது ஒரு ரகம், அரைகுறையா காயவச்சு எடுத்து வேகவச்சோ சுட்டோ சாப்பிடுறது இன்னொரு ரகம். ஒரு பாட்டி ஒவ்வொரு மீனா தொட்டுப் பாத்துத் திருப்பிட்டு இருந்தாங்க, இடுப்புல முழங்கால் வரைக்கும் அடுக்கடுக்கா பாவாடை, ஏழு பாவாடைன்னு சொல்வாங்க, எண்ணிப் பாக்கத் தோணல, மேல ஒரு கட்டம் போட்ட ஏப்ரன், தலையில கறுப்புத் துணி. லிஸ்பன்ல வேலை பாக்குற நம்ம ஊர்த் தம்பி ஒருத்தன் கூட வந்திருந்தான், அவனுக்கு போர்ச்சுகீஸ் நல்லா வரும், அவன் வழியாத்தான் பேசினேன். அந்த அலை எழும்புற வடக்குக் கரைப் பக்கம் சின்ன வயசுல போனா அம்மா கையால அடி விழும்னு சொன்னாங்க அந்தப் பாட்டி. அவங்க அப்பா படகு வர்ற நேரத்துக்கு பொம்பளைங்க எல்லாரும் மணல்ல வந்து உக்காந்துருவாங்களாம், படகு அலையைத் தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்களாம். இப்ப அங்க சர்ஃப் பண்றாங்களே, என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, "அவங்களுக்கும் அம்மா இருக்காங்கல்ல"ன்னு சொல்லிட்டு மீனைத் திருப்ப ஆரம்பிச்சுட்டாங்க.

சரி, மெக்நமாரா எப்படி அங்க வந்தாரு? அதைக் கேட்டா பதில் ரொம்பத் தெளிவா இருக்கு. டீனோ காசிமிரோன்னு ஒரு உள்ளூர்க்காரர், அவரே பாடிபோர்டு, அதாவது படுத்துக்கிட்டே அலையில சறுக்குற சின்னப் பலகை, ஓட்டுறவர். வடக்குக் கரையில, அதாவது ப்ரையா தோ நோர்த்தேல, மெக்நமாரா வர்றதுக்கு முன்னாடியே உள்ளூர்ப் பசங்க பாடிபோர்டு போட்டுட்டுதான் இருந்தாங்க. இந்த மனுஷன் 2005ல அந்த அலையோட போட்டோவை வச்சு மெக்நமாராவுக்கு ஒரு ஈமெயில் அனுப்புறாரு, வந்து பாருங்க, இது ஏற முடியிற அலையா சொல்லுங்கன்னு. அவர் வந்து சேர்ந்தது 2010ல. நடுவுல இத்தனை வருஷம் விடாம இருந்தது ஊர்க்காரங்க. குளிர்காலம் வந்தா டூரிஸ்ட் இல்லாம கடையெல்லாம் மூடிக் கிடக்கிற ஊருக்கு இந்த அலையை வச்சு ஏதாவது வழி பண்ண முடியாதான்னு யோசிச்சு, முனிசிபாலிட்டியும் துணைக்கு நின்னு கூப்பிட்ட ஆளுதான் அவரு. கூப்பிட்டு வந்த விருந்தாளியை எப்படிங்க கண்டுபிடிச்சவர்னு சொல்றது? மெக்நமாராவே இந்த ஈமெயில் கதையைப் பல இடத்துல சொல்லியிருக்காரு, அவரைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கதையைச் சுருக்கி விக்கிறவங்கதான் டீனோவைத் தூக்கிட்டாங்க.

அந்த அலை ஏன் அவ்வளவு பெருசுங்கிறதும் சொல்லணும், ஏன்னா அதைப் புரிஞ்சுக்கிட்டு அங்க நின்னு பாக்குறதே தனி அனுபவம். நசரேக்கு நேரா கடலுக்கு அடியில ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஆழமான இடத்துல 5000 மீட்டர் போகுது, அதோட தலைப்பகுதி கரைக்குக் கிட்டத்துலயே வந்து முடியுது. வட அட்லாண்டிக்ல புயல் அடிச்சு கிளம்புற அலை, பள்ளத்தாக்கு மேல வரும்போது ஆழம் இருக்கிறதால வேகம் குறையாம வருது. அதே அலையோட இன்னொரு பக்கம் ஆழம் கம்மியான தரை மேல வருது, அது மெதுவாயிடுது. வேகமா வந்த பாகம் அப்படியே வளைஞ்சு வந்து மெதுவா வந்த பாகத்து மேல முனைக்குக் கொஞ்சம் வடக்க மோதுது, ரெண்டு உயரமும் ஒண்ணா சேருது, அது போக கரையோரமா ஓடுற நீரோட்டம் எதிர்ல வந்து இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுது. அதனாலதான் கலங்கரை விளக்கத்துகிட்ட நின்னா வலது பக்கம் பயங்கரமா கொந்தளிக்கும், இடது பக்கம் திரும்பிப் பாத்தா ஊரோட பெரிய கடற்கரை ஓரளவு அமைதியா கிடக்கும், நடுவுல அந்தப் பாறை முனை மட்டும்தான். எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது இந்த இடதும் வலதும்தான், வீடியோவுல இதைக் காட்டவே மாட்டாங்க.

நாங்க போனது ரெக்கார்டு நாள் ஒண்ணும் இல்ல. ஆனா நல்ல அலை இருந்துச்சு, ஜெட்ஸ்கி, அதாவது கயிறு பிடிச்சு வர்ற சர்ஃபரை அலைக்குள்ள இழுத்து விடுற தண்ணி ஸ்கூட்டர், இறங்கியிருந்துச்சு. மொதல்ல பாக்கும்போது உயரமே பிடிபடல, வெறும் தண்ணி மேடு மேடா வருதுன்னுதான் தோணுச்சு, அந்த மேட்டு மேல ஜெட்ஸ்கி ஏறினப்பதான், அது எவ்வளவு சின்னதா தெரியுதுன்னு பாத்தப்பதான் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அலை உடைஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சுதான் சத்தம் வந்து சேருது, சத்தம் காதுல விழுறதுக்கு முன்னாடியே கால்ல தெரியுது. கோட்டைச் சுவர் பக்கத்துல ஒரு பொண்ணு வாக்கிடாக்கியை வாய்கிட்ட வச்சுக்கிட்டு கடலை விட்டுக் கண்ணை எடுக்காம நின்னாங்க. கீழ தண்ணியில இருக்கிறவங்களுக்கு முன்னாடி இருக்கிற அலைதான் தெரியும், அதுக்குப் பின்னாடி ரெண்டாவதா மூணாவதா வர்றது பெருசா சின்னதான்னு தெரியாது, மேல நிக்கிறவங்கதான் இதை விடு, அடுத்ததை எடுன்னு சொல்லணும். அவங்க சொல்றதை நம்பித்தான் ஒருத்தன் கயித்தை விடுறான்.

இங்கயும் அதே கதைதான் எனக்குப் படுது. 2011 நவம்பர்ல மெக்நமாரா 78 அடி அலையில இறங்கினாருன்னு உலகத்துக்கே தெரியும். அந்த அலைக்குள்ள அவரை ஜெட்ஸ்கில இழுத்து விட்டது ஆண்ட்ரூ காட்டன், இங்கிலாந்துல டெவன் பக்கத்துக்காரர், பிளம்பர் வேலை பாத்துக்கிட்டு இருந்த மனுஷன். எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்? அதே காட்டன் 2017 நவம்பர்ல இதே நசரேல விழுந்து முதுகெலும்பு உடைஞ்சு படுத்தாரு. அதே நாள்லதான் பிரேசில்காரர் ரோட்ரிகோ கோஷா 80 அடி ரெக்கார்டு போட்டாரு. அப்புறம் 2020 அக்டோபர் 29ல ஜெர்மன்காரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 86 அடி, அதை கின்னஸ் ஒத்துக்கிட்டது 2022ல. பொண்ணுங்கள்ல மாயா கபெய்ரா, 2013ல அதே இடத்துல மூச்சு நின்னு கிடந்தவங்க, அவங்களைக் கரைக்கு இழுத்து வந்து காப்பாத்தினது அவங்களை அன்னைக்கு ஜெட்ஸ்கில இழுத்துவிட்ட கார்லோஸ் புர்லே. அவங்க திரும்பி வந்து 2018ல ஒரு ரெக்கார்டு, 2020 பிப்ரவரியில 73.5 அடில இன்னொரு ரெக்கார்டு. திரும்பி வந்தாங்கன்னு ஒரு வரியில எழுதிட்டேன், நடுவுல முதுகு ஆபரேஷன், வருஷக்கணக்கா வலி.

ஜெட்ஸ்கி ஓட்டுறவன் வேலை இழுத்து விடுறதோட முடியல. ஆளை அலையில விட்டதும் ஓரமா விலகி அலைக்குப் பின்னாடியே போகணும், விழுந்துட்டான்னா அடுத்த அலை வர்றதுக்குள்ள இருக்கிற சில செகண்டுல நுரைக்குள்ள புகுந்து தலை எங்க தெரியுதுன்னு தேடணும், பின்னாடி கட்டியிருக்கிற மிதவைப் பலகையில அவன் கையைப் போட்டுப் பிடிச்சதும் முறுக்கிட்டு வெளிய வந்துடணும். நுரையில காத்து கலந்திருக்கிறதால ஜெட்ஸ்கிக்குத் தண்ணி பிடிமானம் கிடைக்காது, எஞ்சின் உறுமும், வண்டி நகராது. அந்த இடத்துல நிறைய பேரைத் தூக்கிட்டு வந்த செர்ஜியோ கோஸ்மேன்னு ஒரு போர்ச்சுகல்காரர் இருக்காரு, அங்க அவரைக் காவல் தெய்வம் மாதிரிதான் பேசுறாங்க. ரெக்கார்டு புத்தகத்துல இந்த வேலைக்குன்னு ஒரு வரி கிடையாது. இருக்கணும்ங்கிறது என் கருத்து. ரெண்டு பேர் பேரையும் சேத்துப் போடட்டும், என்ன குறைஞ்சுடப் போகுது?

பணக்காரங்க திமிர், உயிரை வச்சு விளையாடுறாங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க. 2023 ஜனவரியில மார்சியோ ஃப்ரெய்ரேங்கிற அனுபவசாலி பிரேசில் சர்ஃபர் அங்கதான் இறந்தாரு, அதனால ஆபத்து இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அந்த வாக்கிடாக்கிப் பொண்ணு நின்ன விதத்தையும், ஒரு ஜெட்ஸ்கி உள்ள போனா இன்னொண்ணு வெளிய காத்து நிக்கிறதையும் பாத்த பிறகு திமிருங்கிற வார்த்தை எனக்கு வாயில வரல.

கீழ் ஊர்ல இருந்து குன்று மேல சீத்தியோங்கிற பகுதிக்கு விஞ்ச் ரயில் இருக்கு, 1889ல திறந்தது. மேல ஒரு சின்னஞ்சிறு கோயில், முனையோட விளிம்புலயே. 1182ல ஃபுவாஸ் ரௌபீன்யோங்கிற பிரபு பனிமூட்டத்துல மானைத் துரத்திட்டு வந்து, மான் பாறையில இருந்து விழ, இவர் நசரே மாதாவே காப்பாத்துன்னு கூப்பிட, குதிரை விளிம்புல நின்னுடுச்சுன்னு ஐதீகம். கோட்டைக்குப் போற வழியில மான் தலையும் மனுஷ உடம்புமா கையில சர்ஃப் போர்டோட ஒரு சிலை வச்சிருக்காங்க, அந்த மான்தான் இது. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, பழசையும் புதுசையும் ஒரே உடம்புல வச்சுட்டாங்க.

அந்தச் சின்னக் கோயில் பக்கத்துல வாஸ்கோ டகாமா நினைவா ஒரு கல்தூண் இருக்கு. இந்தியப் பயணத்தை ஒட்டி அவர் இந்த மாதாகிட்ட வந்து வேண்டிக்கிட்டதா சொல்றாங்க. அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன். நாம ஸ்கூல்ல என்ன படிச்சோம்? இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடிச்சவர் வாஸ்கோ டகாமா, 1498, ரெண்டு மார்க் கேள்வி. ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரையில மாலிந்தில ஏறின ஒரு மாலுமிதான் பருவக்காத்துப் பிடிச்சு கோழிக்கோட்டுக்கு வழி காட்டிக் கூட்டிட்டு வந்தாரு, அந்த வழியில அரபு வியாபாரியும் குஜராத்தியும் ஏற்கனவே பல நூறு வருஷமா போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. அந்த மாலுமி யாருன்னு இன்னைக்கும் ஆராய்ச்சிக்காரங்க சண்டை போட்டுட்டு இருக்காங்க. டீனோவுக்காவது பேரு மிஞ்சியிருக்கு.

போறவங்களுக்குக் கொஞ்சம் விவரம். பெரிய அலை சீசன் அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும், அதுலயும் எல்லா நாளும் வராது, அலை முன்னறிவிப்பைப் பாத்துட்டு கிளம்புங்க. லிஸ்பன் செத்தே ரியோஸ் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நேரடி பஸ், ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடும். ஒரு நாள் டூர்ல போகாதீங்க, ராத்திரி தங்குங்க, ரூம் வாடகைக்குன்னு அட்டையைப் பிடிச்சுட்டு பொம்பளைங்க தெருவுல உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்டயே கேக்கலாம். கருவாட்டுக்குன்னே கடற்கரையில ஒரு சின்ன மியூசியம் இருக்கு, மீனை அங்க காயப்போடுறவங்ககிட்டயே வாங்குங்க. கோட்டைக்குள்ள சர்ஃபர்ஸ் குடுத்த போர்டெல்லாம் வரிசையா வச்சிருக்காங்க, விரிசல் விட்டது உடைஞ்சதுன்னு பாக்கலாம், அதுக்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்க. சின்னப் பசங்க கூட வந்தா பாறை விளிம்புப் பக்கம் கையை விடாதீங்க, நிறைய இடத்துல வேலி கிடையாது, காத்து ஆளைத் தள்ளும். வேற ஏதாவது தெரியணும்னா இன்பாக்ஸ்ல கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.