நாற்பது வினாடி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நம் குழுவில் நான் ஒரு மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ரா இசையைப் போட்டுக் காட்டினேன், அதில் ஒரு துண்டை வெட்டி யாரோ கேலி வீடியோ ஆக்கிவிட்டார்கள். குழுவில் இருப்பவர்களுக்கு விவரம் தெரியும். அந்த வீடியோத் துண்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் தெரியும். நேற்று அது எங்கெங்கோ சுற்றிவிட்டு எனக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவருக்கு அது நான் போட்டுக் காட்டிய இசை என்று தெரியாது. "கேளுங்கண்ணே, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது" என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற இசையிலிருந்து நாற்பது வினாடியை வெட்டி எடுத்து, "இன்னும் ட்யூன்தான் பண்றாங்க, பாட்டு ஆரம்பிக்கல" என்று மேலே எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினீர்களே, அதுதான் வலிக்கிறது. முழுசாகக் கேளுங்கள். கேட்டு முடித்துவிட்டுத் திட்டுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

யாருடைய இசை அது என்றாவது பார்த்தீர்களா? ஒலிவியே மெசியான். பிரான்சுக்காரர், 1908-இல் அவிஞ்ஞோனில் பிறந்தவர். பாரிஸில் திரினித்தே தேவாலயத்தில் 1931 முதல் சாகும்வரை ஆர்கன் வாசித்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் கைதியாகச் சிக்கி, முகாமுக்குள்ளேயே நான்கு வாத்தியங்களுக்கு ஒரு படைப்பை எழுதி, 1941 ஜனவரிக் குளிரில் சக கைதிகளுக்கு முன்னால் வாசித்தவர். அசிசியின் புனித பிரான்சிஸைப் பற்றிய ஒபேரா என்கிற இசை நாடகத்துக்கு எட்டு வருடம் உழைத்து 1983-இல் அரங்கேற்றிய பிறகு, இனி எழுத ஒன்றும் இல்லை என்று சோர்ந்துபோனார். அந்தச் சோர்விலிருந்து எழுந்து, உடம்பு முடியாத நிலையில், 1987-இலிருந்து 1991 வரை உட்கார்ந்து எழுதியதுதான் ஞாயிற்றுக்கிழமை நான் போட்டது. 'எக்லேர் சுர் லோ-தெலா'. அப்பால் உலகத்தின்மேல் மின்னல் வெட்டுகள் என்று சொல்லலாம். பதினோரு பகுதிகள், 128 வாத்தியக்காரர்கள். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா தன்னுடைய 150-ஆம் ஆண்டுக்காகக் கேட்டு வாங்கியது. 1992 நவம்பரில் ஜுபின் மேத்தா நடத்தி முதல்முறையாக வாசித்தார்கள். மெசியான் அந்த வருடம் ஏப்ரலிலேயே இறந்துவிட்டார்.

எழுதியவர் ஒருமுறைகூட இதைக் கேட்கவில்லை. மனசுக்குள் மட்டும் கேட்டு, அத்தனை வாத்தியத்துக்கும் ஒவ்வொரு ஸ்வரமாகக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனார். நமக்கு மொத்தமும் காதில் விழுகிற வசதி இருக்கிறது. நாம் நாற்பது வினாடி கேட்டோம்.

அந்த நாற்பது வினாடி எங்கிருந்து வெட்டப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் பகுதி. ஜீவவிருட்சங்களில் அமர்ந்திருக்கும் பல பறவைகள் என்று அதற்குப் பெயர். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் மாதிரியான ஊதுகருவிகள் மட்டும் வாசிக்கிற சின்னப் பகுதி. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பறவையின் குரல், எல்லாம் ஒரே சமயத்தில். மெசியான் வாழ்நாள் முழுக்க நோட்டுப் புத்தகத்தோடு காட்டிலும் வயலிலும் உட்கார்ந்து பறவைக் குரல்களை ஸ்வரப்படுத்தியவர். விடியற்காலையில் ஒரு மரத்தடியில் நின்றால் என்ன கேட்குமோ அதைத்தான் அங்கே எழுதியிருக்கிறார். விடியலில் பறவைகள் முறை வைத்து ஒவ்வொன்றாகவா பாடும்? அதற்கு முன்னால் எட்டுப் பகுதிகளைக் கேட்டுவிட்டு அங்கே வந்தால், கனமான ஒரு கதவு திறந்து வெளிக்காற்று உள்ளே வந்ததுபோல இருக்கும். தனியாக வெட்டி எடுத்தால் கூச்சல்தான். ஒப்புக்கொள்கிறேன். எதைத்தான் அப்படி வெட்டிக் காட்ட முடியாது? ஓர் ஆலாபனையின் நடுவிலிருந்து நாற்பது வினாடி எடுத்து அதையே மேலே எழுதினால் அதற்கும் ஆயிரம் பேர் சிரிப்பார்கள்.

சரி, நீங்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்.

"இது கிறிஸ்தவப் பிரசாரம். பகுத்தறிவு பேசுகிற நீங்கள் இதைத் தூக்கிப் பிடிக்கலாமா?" அன்றைக்கே ஒருவர் கேட்டார். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, எங்கள் அப்பாவுக்கும் கிடையாது, இதை நான் மறைத்ததில்லை. ஆனால் தேவாரம் கேட்கும்போது என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நாகூர் ஹனீபாவின் குரல் கேட்டு நான் கலங்கியபோதும் யாரும் கேட்டதில்லை. மெசியான் என்றதும் மட்டும் ஏன் சான்றிதழ் தேவைப்படுகிறது? அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது, மறைக்கவும் இல்லை. பகுதிகளின் தலைப்புகளில் பல வேதாகமத்திலிருந்து வருபவை. ஐந்தாவது, அன்பில் நிலைத்திருத்தல். ஏழாவது, அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார். அந்தத் தேவன் இருக்கிறாரா இல்லையா என்பது எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ள வழக்கு. கண்ணீர் இருக்கிறது, அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. இதைக் கேட்க நம்பிக்கை வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

"மேட்டுக்குடி இசை" என்பதற்குப் பதில் சொல்லக்கூட விருப்பமில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் கேட்டதெல்லாம் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற இயர்போனில்.

"மெட்டே இல்லை." இதற்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல்முறை கேட்டபோது மூன்றாம் பகுதியிலேயே எழுந்து போய்விட்டேன். அது லயர் பறவையைப் பற்றியது. 1988-இல் ஆஸ்திரேலியா போனபோது மெசியான் அதன் குரலைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் பாவனை செய்யும் பறவை அது, ஓர் இடத்தில் நிற்காது. இசையும் நிற்பதில்லை, ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். இன்று அதைக் கேட்டால் சிறகடிப்பே கண்ணுக்குத் தெரிகிறது. அன்று தலைவலிதான் வந்தது. பத்தாம் பகுதியோடு எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மெட்டு இல்லையா? ஐந்தாம் பகுதியைக் கேளுங்கள். தந்தி வாத்தியங்கள் மட்டும். ஒரே மெட்டு, அவசரமே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டே போகும். மெட்டைத் தேடி வந்தவர்கள் அதுவரைக்கும் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். நான்காம் பகுதி முடிவதற்குள் பாதிப் பேர் வெளியேறிவிட்டீர்கள்.

"கிழவர் பழையதையே திருப்பி எழுதியிருக்கிறார்" என்று விஷயம் தெரிந்த ஒருவர் தனிச்செய்தியில் சொன்னார். உண்மைதான். 1933-இல், இருபத்து நான்கு வயதில், கிறிஸ்துவின் விண்ணேற்றத்தைப் பற்றி நான்கு பகுதிகளில் ஓர் ஆர்கெஸ்ட்ரா இசை எழுதினார். அது ஊதுகருவிகளில் கம்பீரமாகத் தொடங்கித் தந்தி வாத்தியங்களில் மெதுவாக முடியும். ஐம்பத்தெட்டு வருடம் கழித்து எழுதிய இதுவும் ஊதுகருவிகளில் தொடங்குகிறது, தந்திகளில் முடிகிறது. குறை என்று நீங்கள் நினைக்கும் அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பையனாக இருக்கும்போது போட்ட கோலத்தின் முதல் புள்ளிக்கே கிழவனாகத் திரும்பி வந்திருக்கிறார். எண்பது வயதுக்காரர் புதுசாக ஏதாவது காட்டித்தான் ஆக வேண்டுமா?

அப்புறம் தாளம். இதைச் சொன்னால் "ஆரம்பிச்சுட்டாரு, எல்லாம் நம்மதுன்னு" என்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சாரங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய சங்கீத ரத்னாகரம் என்கிற இசை நூலில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. அதைப் பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் மெசியான் பார்த்தார். குருவிடம் உட்கார்ந்து கற்கவில்லை. கால அளவுகளைப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தன் வழியில் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அதில் அவரைப் பிடித்து இழுத்தது எது தெரியுமா? குரு, லகு, குரு, அதாவது நெடியது, குறியது, நெடியது என்று அமைந்த ஒரு சின்னத் தாளம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றேதான். அந்த மாதிரி தாளங்களை வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடிச் செய்தார். சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தைப் பள்ளியில் படித்து வியந்தவர்கள் நாம். திரும்பி வந்தாலும் மாறாத ஒன்றின்மேல் ஒரு மனிதனுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று நமக்குப் புரியாமல் போகுமா? அந்தச் சிந்தனையைத்தான் அன்றைக்கு நான் பேசத் தொடங்கினேன். "பாட்டைப் போடுங்க சார்" என்று ஒரு குரல் வந்தது. போட்டேன். பிறகு "எப்போ நிறுத்துவீங்க" என்று வந்தது.

இன்னொன்று. இரண்டாம் பகுதிக்குத் தனுசு நட்சத்திர மண்டலத்தின் பெயரை வைத்திருக்கிறார். டிசம்பர் 10-இல் பிறந்தவர், மேல்நாட்டுக் கணக்கில் தனுசு அவருடைய ராசி. சாவு நெருங்கும் நேரத்தில் ஒரு மனிதர் தான் பிறந்த நட்சத்திரக் கூட்டத்தை அண்ணாந்து பார்க்கிறார். இதைச் சொன்னதற்கும் ஒரு சிரிப்பு ஸ்மைலி விழுந்தது.

சரி, நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். உள்ளே ஒருவருக்கு மேல் விட மாட்டார்கள். இரவில் அம்மா உள்ளே, நான் வராந்தா நாற்காலியில். தூக்கம் வராது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அது எனக்கு ஆறுதல் சொல்ல வந்தது, அதனாலேயே எதையும் கேட்க முடியவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இரண்டு வருடமாகப் பிடிக்காமல் கிடந்த இதைப் போட்டேன். இதிலும் ஆறுதல் இருக்கிறது, ஆனால் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முதல் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் ஒரு சொற்றொடர் சொல்லும், நிறுத்தும், மறுபடி சொல்லும். யாரிடமும் இரக்கம் கேட்காத குரல். ஆறாம் பகுதியில் ஏழு தூதர்களின் எக்காளம், பெரிய முரசுகளின் அடி, வராந்தாவில் உட்கார்ந்து கேட்க உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்தப் பயம் எனக்குத் தேவைப்பட்டது, ஏனென்றால் உள்ளே இருந்ததும் அதுதான். அது முடிந்ததும் ஏழாம் பகுதி, கண்ணீரைத் துடைப்பது. ஒரு பறவை புல்லாங்குழலில் கொஞ்சம் பாடும். அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக அழுதேன். நம்பிக்கையில்லாத ஒருவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, நம்பிக்கையுள்ள ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் கேட்டேன். மியுங்-வுன் சுங் நடத்திய பதிவு. சைமன் ராட்டில் பெர்லினில் நடத்தியதும் அருமைதான், ஆனால் எனக்கு அந்த வராந்தா சுங்கோடு சேர்ந்துபோய்விட்டது.

அந்தப் பதினொரு நாளில் ஓர் இரவு என்னோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவன் இதைப் படிப்பான். வேலை முடிந்து நேராக வந்தான். என்ன கேட்கிறாய் என்று கேட்டு, வேலை செய்கிற அந்த ஒரு பக்க இயர்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டோம். இது என்ன, ஏன் இதைக் கேட்கிறேன் என்று எல்லாம் அவனுக்குச் சொன்னேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோவுக்குக் கீழே விழுந்த முதல் சிரிப்பு ஸ்மைலி அவனுடையது.

ஊர் சிரித்ததை நான் மறந்துவிடுவேன். வெட்டி ஒட்டியவர் யார் என்றுகூட எனக்குத் தெரிய வேண்டாம். "விடுங்கண்ணே, விளையாட்டுக்குத்தானே" என்று எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து எழுதாதீர்கள். நான் விளையாடவில்லை.

நாளை ராத்திரி ஒன்பதரை மணிக்கு மறுபடி போடுகிறேன், முதல் பகுதியிலிருந்து. முன்னுரை பேச மாட்டேன், நடுவில் நிறுத்த மாட்டேன். கடைசிப் பகுதிக்கு வரும்போது அத்தனை பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பித்தளையும் முரசும் எல்லாம் வாயடைத்து உட்கார்ந்திருக்கும். தந்தி வாத்தியங்கள் மட்டும் மிக மெதுவாகப் பாடும். அவற்றின்மேல் முக்கோணம் என்கிற சின்ன உலோக வாத்தியத்தின் மணியோசை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும். சுமார் பத்து நிமிடம். 128 பேரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அவர்களிடம் கடைசியாக வேண்டியது அந்த ஓசையைத்தான்.

நீ வருவதாக இருந்தால் வா. அன்றைக்கு இரவு பத்தாம் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் மருந்துச் சீட்டோடு வந்தார். நீ இரு, நான் வாங்கி வருகிறேன் என்று இயர்போனை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாய். கடைசிப் பகுதியை நீ இன்னும் கேட்கவில்லை.