எதனால் செய்தது என்று முதலில் பாருங்கள்

கண்காட்சிக்குள் நுழைந்த வேகத்திலேயே "நமக்கெல்லாம் இது புரியாதுப்பா" என்று வெளியே வந்துவிடுகிற நண்பர்களை நிறையப் பார்க்கிறேன். இத்தனைக்கும் நன்றாகப் படிக்கிறவர்கள். ஒரு கவிதை வரிக்காக விடிய விடியச் சண்டை போடுவார்கள். சிற்பத்தின் முன்னால் மட்டும் வாயடைத்துப் போகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இன்றைய நம் கலைஞர்கள் பேசுவது பெரும்பாலும் நம் கதையைத்தான்.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஆரம்பிப்பதில்தான் சிக்கல். எந்தப் பொருளால் செய்திருக்கிறார்கள், அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

சிற்பி பெனிதா பெர்சியலை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையில் பிறந்தவர், சென்னை கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். 2014இல் கொச்சி பியனாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைக் கண்காட்சியில் இயேசுவையும் புனிதர்களையும் குந்திரிக்கம், வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு என்று வாசனைப் பொருள்களைக் கொண்டே வடித்திருந்தார். இங்கே கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு வேலை வந்துவிடுகிறது. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் பாலன் இயேசுவுக்கு ஞானிகள் கொண்டுவந்த காணிக்கைகள். பட்டையும் கிராம்பும் கொச்சித் துறைமுகத்தில் கைமாறிய சரக்குகள். கடல்வழியே வணிகமும் கிறிஸ்தவமும் சேர்ந்து வந்த வரலாறு முழுக்க அந்த உடம்புகளுக்குள் இருக்கிறது. அதோடு, இவை கல்லையும் வெண்கலத்தையும் போல அப்படியே நிற்காது. சூட்டுக்கும் ஈரத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அழியக்கூடிய பொருளில் தெய்வத்தைச் செய்யத் துணிந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் எடுத்துக்கொண்ட பொருள் நினைவு. போரில் வீட்டை இழந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார். வாசல் எந்தப் பக்கம், அடுப்படி எங்கே என்று தடுமாறித் தடுமாறிப் போட்ட கோடுகள். ஒவ்வொன்றுக்கும் கட்டடக்கலை அளவோடு ஒரு படம், அப்புறம் சனாதனனின் ஓவியம் ஒன்று. 2011இல் இது ஒரு நூலாக வந்தது. தலைப்பில் 'தோம்பு' என்று வைத்தார். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயர் அது. அரசாங்கப் பதிவேட்டில் நிலத்தின் அளவு இருக்கும், இதில் அங்கே வாழ்ந்தவர்களின் கை நடுக்கம் இருக்கிறது. அதே மண்ணிலிருந்து வந்த ஜாஸ்மின் நிலானி ஜோசப் வேலிகளைப் பேனாவால் வரைகிறார். யாழ்ப்பாணத்து வேலியைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பழனிகுமாரின் புகைப்படங்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மலக்குழி மரணங்களில் உறவை இழந்த குடும்பங்களின் பக்கத்தில் நின்று எடுத்த படங்கள் அவை.

இவ்வளவு இருந்தும் நம் வாசகர்களிடம் இவை போய்ச் சேரவில்லை. பழியை வாசகர் மேல் மட்டும் போட மாட்டேன். நான் போன பல காட்சிக்கூடங்களில் சுவர்க் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. தமிழில் நாலு வரி எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? இன்னொரு பக்கம், ஓவியர் ஆதிமூலம் கோட்டோவியங்கள் வரைந்த காலத்தில் ஓவியரும் எழுத்தாளரும் ஒரே சிற்றிதழில் சேர்ந்து இயங்கினார்கள். இன்று நாவலுக்குப் பத்து மதிப்புரை வருகிறது, கண்காட்சிக்கு ஒன்றுகூட வருவதில்லை. இலக்கிய இதழ் நடத்துகிறவர்கள் மாதம் இரண்டு பக்கம் ஒதுக்கலாமே.

சென்னையில் இருப்பவர்கள் சோழமண்டலத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய ஓவியர் கிராமம். மெழுகு பூசிச் சாயமேற்றிய பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் அங்கே வயிற்றைக் கழுவிக்கொண்டு படம் வரைந்தார்கள். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைப் பார்த்தால் அவசரப்படாமல் பக்கத்தில் போய், செம்பும் பித்தளையும் பற்றவைத்த இடங்களைப் பாருங்கள். யாராவது கலைஞர் அங்கே இருந்தால் தயங்காமல் தமிழிலேயே கேளுங்கள்.