பாட்டைப் படித்த பிள்ளைக்குத் தோன்றியதை ஏன் அடிக்கிறீர்கள்?

சில நாள்களாக எல்லார் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த நோட்டுப் பக்கத்தின் படத்தை நான் மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். "இப்பாடலைப் படித்தபோது உனக்குத் தோன்றியதை எழுதுக" என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். ஒரு மாணவி தனக்குத் தோன்றியதை எழுதியிருக்கிறாள். அதன் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடுகள்; கீழே, "சொந்தக் கதை தேவையில்லை. திணை, துறை எங்கே?" என்று ஒரு குறிப்பு. அதை யாரோ படம் பிடித்து, இன்றைய பிள்ளைகளின் இலக்கிய அறிவு இவ்வளவுதான் என்று தலைப்பிட்டு ஏற்றிவிட, அதன் கீழ் வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் சிலர் என் நண்பர்கள். சிலர் தமிழ் கற்பிப்பவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கேட்டது நீங்கள். முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். திணையைக் கேட்டிருந்தால் அவள் திணையை எழுதியிருப்பாள். துறை விளக்கம் கேட்டிருந்தால் மனப்பாடம் செய்ததை ஒப்பித்திருப்பாள். உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டுவிட்டு, தோன்றியதைச் சொன்ன பிள்ளையைப் பார்த்து உன் கதை யாருக்கு வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவதாக ஒன்று கேட்கிறேன். சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கோடுகளுக்கு அடியில் இருந்ததைப் படித்தீர்கள்? நான் படத்தைப் பெரிதாக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாடல் புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டு, பாரி இறந்துபட்ட பிறகு, அவன் மகளிர் பாடியது. மொத்தம் ஐந்தே அடிகள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அந்த மாணவி எழுதியிருந்ததன் சாரம் இது. இந்தப் பாட்டில் யாரும் அழவில்லை. போன மாதம் இது இருந்தது, இந்த மாதம் இல்லை என்று கணக்குச் சொல்வது போலச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா இறந்தபோதும் பெரியவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், அது எனக்கு அப்போது கோபமாக இருந்தது. இதற்கு அடுத்து அவள் எழுதியிருக்கும் வரியைத்தான் நான் பலமுறை படித்தேன். முதல் தடவை அப்பாவைச் சொல்லிவிட்டு மலையைச் சொன்ன பெண்கள், இரண்டாம் தடவை மலையை முதலில் சொல்லிவிட்டு அப்பாவைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள், ஏனென்றால் சொல்ல முடியாததைக் கடைசியில்தான் சொல்ல வரும் என்று எழுதியிருக்கிறாள்.

மேலே உள்ள அடிகளை ஒருமுறை பாருங்கள். அவள் சொல்வது சரியா இல்லையா? "எந்தையும் உடையேம்" என்பது முதலில் வருகிறது, "எம் குன்றும்" அதன் பிறகு. இழப்பைச் சொல்லும்போது "குன்றும் கொண்டார்" முன்னே வந்துவிடுகிறது. "எந்தையும் இலமே" என்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது, அதற்குமேல் ஒரு சொல் இல்லை. இந்த வரிசை மாற்றத்தை ஒரு பள்ளிப் பிள்ளை தன் வீட்டுத் துக்கத்தின் வழியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நாம் சிரித்தோம்.

திணை, துறை எங்கே என்று கேட்டவருக்கும் விடை அங்கேயே இருக்கிறது. இப்பாடலுக்குத் திணை பொதுவியல், துறை கையறுநிலை. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்திப் பாடுவதை அந்தத் துறை குறிக்கிறது. துறையின் பெயரை அவள் எழுதவில்லை, உண்மைதான். அந்த நிலை எப்படி இருக்கும் என்பதை எழுதியிருக்கிறாள். பெயரை ஓரத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளை அதை வாழ்நாளுக்கும் மறந்திருக்க மாட்டாள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டைப் படித்தவுடன் மாணவருக்குத் தோன்றுவதுதான் இலக்கியப் பாடத்தின் தொடக்கம். அதை அடித்துவிட்டால் மிஞ்சுவது குறிப்புரை மட்டும்தான். அந்தத் தோன்றலை அப்படியே விட்டுவிடவும் கூடாது. "எந்த வரி உன்னை இப்படி நினைக்க வைத்தது?" என்று கேட்க வேண்டும். கேட்டால் பிள்ளை பாட்டுக்குத் திரும்பிப் போகும். ஆசிரியரின் வேலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இதை நான் எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தபோது, கண்ணகியின் மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது, தவறு செய்தவன் அரசன், மதுரையில் இருந்த மக்கள் என்ன செய்தார்கள் என்று நோட்டில் எழுதிவிட்டேன். காப்பியத் தலைவியைக் குறை சொன்னதற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்திருந்தேன். என் ஆசிரியை ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "வஞ்சின மாலையில் யாரைச் சுட வேண்டாம் என்று அவள் சொல்கிறாள், பார்த்தாயா?" மதுரையை எரிக்கும் அந்தக் காதையைப் போய்ப் பார்த்தேன். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க என்று அவள் தீக்கடவுளை ஏவுகிறாள். அதைப் படித்தும் என் கோபம் தணியவில்லை, கூர்மையானது. அந்தப் பட்டியலில் இல்லாத, அன்று கடையில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் எந்தப் பக்கத்தில் சேர்வான், அவன் தீத்திறத்தான் என்று யார் தீர்மானித்தது என்று அடுத்த பக்கத்தில் எழுதினேன். அவர் அதற்கும் பதில் சொல்லவில்லை. "வழக்குரை காதையையும் சேர்த்துப் படி" என்று எழுதினார். அந்த நோட்டுப் பக்கங்களில் நடந்த உரையாடலால்தான் நான் இன்றுவரை சிலப்பதிகாரத்தைக் கையில் எடுக்கிறேன்.

அடுத்த வகுப்பில் வேறோர் ஆசிரியர். நான் எழுதியதை அவர் வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படித்துக் காட்டினார், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து. உன் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள் என்றார். அதன் பிறகு நான் பொழிப்புரையைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. மதிப்பெண் நன்றாகவே வந்தது. அந்த ஆண்டு படித்த செய்யுள்களில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை. அந்த நோட்டுப் பக்கத்தின் கீழே இருந்த சிரிப்புக் குறிகளைப் பார்த்தபோது எனக்கு அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இனி, நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். அப்படியானால் யார் எதை எழுதினாலும் சரியா? பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் தன் வீட்டுக் கதையை ஒருவன் நாலு பக்கம் எழுதினால் அதற்கும் மதிப்பெண்ணா? நியாயமான கேள்வி, நூறாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருவதும்கூட. கேம்பிரிட்ஜில் இலக்கியம் கற்பித்த திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்களுக்குத் தோன்றியதை எழுதி வாங்கினார். 13 கவிதைகளுக்கு வந்த எதிர்வினைகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். கவிதையின் நேர்ப்பொருளே பலருக்குப் பிடிபடவில்லை என்பதையும், கவிதைக்குத் தொடர்பில்லாத சொந்த நினைவுகள் குறுக்கே வந்து வாசிப்பைத் திசைதிருப்புகின்றன என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். 1949இல் அமெரிக்கர்களான விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் இன்னும் கடுமையாக, கவிதை வேறு, அது வாசகரிடம் உண்டாக்கும் விளைவு வேறு, இரண்டையும் குழப்புவது பிழை என்றார்கள். இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரிச்சர்ட்ஸ் அந்தத் தாள்களைத் தூக்கிப் போடவில்லை. மாணவர்கள் எங்கே வழி தவறுகிறார்கள் என்பதே அவர்கள் மனம் திறந்து எழுதியதால்தான் அவருக்குத் தெரிந்தது. ஆயத்தமாகக் கையிருப்பில் உள்ள உணர்ச்சிகளை எடுத்து எந்தக் கவிதைக்கும் பொருத்திவிடும் பழக்கத்தையும் அவர் அதே அளவுக்குக் கண்டித்தார் என்பதை மட்டும் ஏன் வசதியாக மறந்துவிடுகிறீர்கள்?

ஏனென்றால் நம் வகுப்புகளில் நாம் பயிற்றுவிப்பது அதைத்தான். "நயம் பாராட்டுக" என்று ஒரு வினா வருகிறது. பாராட்டுவதற்குப் பாட்டைப் படிக்கவே தேவையில்லாத அளவுக்குப் பிள்ளைகளுக்கு வாக்கியங்களைக் கொடுத்து வைத்திருக்கிறோம். திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் ஒரு வரி. பாட்டு படிப்போர் நெஞ்சை அள்ளுகிறது என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண். இந்த வரி என் நெஞ்சை இன்ன காரணத்தால் தொட்டது என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்புக் கோடு. பொய்யை எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு இலக்கிய ஈடுபாடு குறைந்துவிட்டது என்று நாமே மேடையில் வருந்துகிறோம்.

அமெரிக்கப் பேராசிரியை லூயிஸ் ரோசன்பிளாட் 1938லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். பிரதிக்கும் வாசகருக்கும் இடையே நடப்பதுதான் இலக்கிய அனுபவம் என்றார் அவர். எல்லா வாசிப்பும் ஒரே தரம் என்று அவர் சொல்லவில்லை. வாசகர் சொல்வதைப் பிரதி தாங்க வேண்டும், பிரதியில் உள்ளதோடு அது முரண்படக் கூடாது என்றார். அந்த மாணவியின் பக்கத்தை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். "எந்தையும் இலமே" என்பது கடைசியில் நிற்கிறதா இல்லையா?

மரபு, மரபு என்று பேசுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். குறுந்தொகையில் "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பாட்டில் வரும் செம்புலப் பெயல்நீரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று வைத்திருக்கிறார்கள். அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், குப்பைக் கோழியார் ஆகியோரும் அப்படிப் பெயர் பெற்றவர்களே. மனத்தில் தைத்த ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு, அதையே பாடியவரின் பெயராகச் சொன்னவர்கள் அன்றைய வாசகர்கள். உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்லி அவற்றில் இழவை, அதாவது இழப்பையும் ஒன்றாக வைத்திருக்கிறது. நாம் பேசும் இந்த 112ஆம் பாட்டிலேயே, "வென்றெறி முரசின் வேந்தர்" என்பது இகழ்ச்சிக் குறிப்பு என்று புறநானூற்றின் பழைய உரைகாரர் காட்டுகிறார். அந்தக் குரலில் இருந்த கசப்பு அவர் காதில் விழுந்திருக்கிறது. உரைகாரருக்குக் கேட்கலாம், மாணவிக்குக் கேட்கக் கூடாதா?

ரசனை என்று கிளம்பினால் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பனின் பாடல்களைத் தள்ளியும் திருத்தியும் வைத்த கதைதான் நடக்கும் என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். அது மூலபாடத்தில் கை வைக்கும் விவகாரம். இந்தப் பிள்ளை ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

வகுப்பில் இத்தனை பேர் இருக்கும்போது ஒவ்வொரு நோட்டிலும் உட்கார்ந்து கேள்வி எழுத நேரம் ஏது என்கிறார்கள். "சொந்தக் கதை தேவையில்லை. திணை, துறை எங்கே?" என்று எழுத நேரம் இருந்திருக்கிறது. "எந்த வரி?" என்பது அதைவிடச் சின்னது.

என்னை மிகவும் புண்படுத்தியது வேறொரு வாதம். பிள்ளைகளின் குடும்பத் துக்கத்தைத் தீர்ப்பது தமிழாசிரியரின் வேலையா, அதற்கு வேறு ஆள்கள் இருக்கிறார்களே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு ஆதரவும் குவிந்திருக்கிறது. அவள் யாரிடமும் ஆறுதல் கேட்கவில்லை, ஐயா. தன்னைப் போலவே தந்தையை இழந்த இரண்டு பெண்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசியதைக் கேட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறாள். அதற்காகத்தானே அந்தப் பாட்டைப் பாடத்தில் வைத்திருக்கிறோம்? வேறு எதற்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளை தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கவிதையைச் சொல்லக் கூடாது, பிடித்திருக்கிறது என்று காரணத்தோடும் சொல்லக் கூடாது, கோபம் வந்தது என்று சொல்லக் கூடாது, அப்பா ஞாபகம் வந்தது என்று சொல்லவே கூடாது என்றால், பிறகு அந்த நோட்டில் எதைத்தான் எழுதச் சொன்னீர்கள்?

திருத்திய ஆசிரியர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து இங்கே எழுத முயல்பவர்களின் கருத்துகளை நீக்கிவிடுவேன். அந்தப் படத்தைப் பகிர்ந்த நண்பர்களிடம்தான் கேட்கிறேன். பெயர் தெரியாதபடி மறைத்துவிட்டோம் என்கிறீர்கள். அவளுடைய கையெழுத்து அவள் வகுப்பில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்தை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.