‘நல்லாருக்கு’ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போகாதீங்க

வீட்டுல யாராவது புதுசா ஒண்ணு செஞ்சு தட்டுல வச்சா, சாப்பிடறவங்க ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. ‘நல்லாருக்கு’, இல்லைன்னா ‘நல்லால்ல’. இது ரெண்டுமே சமைச்சவங்களுக்கு உதவாதுன்னு நான் உறுதியா நம்பறேன். எது பிடிச்சுது, எது இடிக்குது, ஏன்னு சொல்லணும். வீட்டுச் சமையல்ல சாப்பிடறவங்களுக்கு இருக்கற வேலை அது. நம்ம வீடுகள்ல அந்த வேலையை யாரும் செய்யறதில்ல. அதனாலதான் ஒரு தடவை சரியா வராத ஐட்டம் மறுபடி அடுப்புக்கே வராம போயிடுது.

நான் ஆரணிப் பக்கத்துப் பொண்ணு. கல்யாணம் ஆகி தண்டையார்பேட்டைக்கு வந்தப்புறம்தான் கடல் மீன் சமையலே கத்துக்கிட்டேன். மாமியார் காசிமேட்டுல பொறந்து வளர்ந்தவங்க. அவங்க வீட்டுல சாதாரணமா செய்யற சுறா புட்டு எனக்குப் புதுசு. பால் சுறா வாங்கி, மஞ்சத்தூள் போட்டு வேகவச்சு, தோலை உரிச்சு, நடு எலும்பை எடுத்துட்டு கையால உதிர்க்கணும். உதிர்த்ததைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளங்கையில வச்சு ஒட்டப் பிழியணும். இந்தப் பிழியற வேலையிலதான் புட்டே இருக்கு. தண்ணி நின்னுட்டா வாணலியில எவ்வளவு நேரம் கிளறினாலும் பொலபொலன்னு வராது. அப்புறம் நிறைய வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை. எல்லாம் முறைப்படிதான் செஞ்சேன். ஆனா பசங்க வாயில வச்சதும் ‘நாறுது’ன்னு தட்டைத் தள்ளிட்டாங்க. வீட்டுக்காரர் ‘பரவால்ல, நல்லாத்தான் இருக்கு’ன்னு முழுங்கினார். அத்தை ஒரு வாய் போட்டுட்டு சொன்னாங்க: “மூத்திர நெடி அடிக்குது பாரும்மா. உன் கை மேல தப்பு இல்ல. இது ஐஸ்ல கெடந்த சுறா. தடை நேரத்துல சுறா வாங்காதே.”

அது மே மாசம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. சின்ன ஃபைபர் போட்டுக்காரங்க கொண்டு வர்றது போக, மார்க்கெட்டுல இருக்கறது பெரும்பாலும் வெளியில இருந்து ஐஸ்ல வந்த சரக்குதான். மத்த மீனா இருந்தா ஓரளவு சமாளிச்சிடலாம். சுறா அப்படி இல்ல. அதோட சதையில இயல்பாவே யூரியா இருக்கு. செத்தப்புறம் நாளாக ஆக அது அம்மோனியாவா மாறும். அந்த நெடியை எந்த மசாலாவும் மறைக்காது. அத்தை அந்த ஒரு வரி சொல்லலைன்னா நான் பூண்டைக் கூட்டி, சோம்பைக் குறைச்சு எங்கெங்கயோ தேடிக்கிட்டு இருந்திருப்பேன். தடை முடிஞ்சு போட்டு வந்தப்புறம், காலையில வந்த சுறாவுல அதே அளவு, அதே முறையில செஞ்சேன். வாணலியில சோத்தைப் போட்டுப் பெரட்டித் தின்னாங்க.

பசங்க சொன்ன ‘நாறுது’வும் அத்தை சொன்ன ‘மூத்திர நெடி’யும் ஒரே குறைதான். ஆனா எங்க போய்ப் பார்க்கணும்னு காட்டினது அத்தை சொன்னதுதான்.

அத்தோ, அதான் கையால பெசையற பர்மா நூடுல்ஸ், அதோட கதை வேற. பாரிமுனைக்குப் போனா பீச் ஸ்டேஷன் எதிர்ல செகண்ட் லைன் பீச்சுல நின்னு அத்தோ சாப்பிடாம எங்க வீட்டுல யாரும் திரும்ப மாட்டாங்க. 1962-ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்ததுக்கு அப்புறம் கப்பலேறி இங்க வந்த நம்ம ஜனங்க கொண்டு வந்த சாப்பாடு அது. வியாசர்பாடி பக்கம் இன்னிக்கும் அந்தக் குடும்பங்கள் இருக்கு. அங்க பொறந்த ஒரு அக்கா இப்ப எங்க தெருவுல இருக்காங்க. அவங்க வந்து பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தாங்க. வெங்காயம் முழுசா செவக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எண்ணெயில இருந்து எடுத்துப் பரப்பிடணும், எடுத்தப்புறமும் அந்தச் சூட்டுல அது இன்னும் செவக்கும்னாங்க. கோஸுல முன்கூட்டியே உப்பு போட்டா தண்ணி விட்டு நூடுல்ஸ் நமுத்துப் போகும்னாங்க. புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், இடிச்ச மிளகாய், உப்பு, நொறுக்கின பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுன்னு பொரிச்சது) எல்லாம் தனித்தனிக் கிண்ணத்துல இருக்கணும். ஒவ்வொரு தட்டுக்கும் அப்பப்ப கையால பெசையணும். கூட வாழைத்தண்டு சூப்பு.

அன்னிக்கு எங்க வீட்டுல நடந்ததைப் பார்த்துதான் இந்தப் பதிவே எழுதத் தோணிச்சு. தட்டுத் தட்டா பெசையறதால எல்லாரும் வாயைத் திறந்தே ஆகணும். மாமா ‘புளி இன்னும் ஒரு கரண்டி’ன்னார். பாப்பா ‘காரம் வேணாம், பேஜோ நிறைய’ன்னா. எப்பவும் எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னு சொல்ற மனுஷன், பூண்டு எண்ணெய் பத்தலைன்னு அவராவே சொன்னார். கேட்ட மாதிரி பெசைஞ்சு கொடுக்கக் கொடுக்கத் தட்டு காலி. புதுசா எதாவது முயற்சி பண்ணணும்னு நினைக்கறவங்க இந்த மாதிரி ஐட்டத்துல இருந்து ஆரம்பிங்கன்னு மனசாரச் சொல்றேன். குடும்பமே சேர்ந்து ருசி பார்க்கப் பழகும்.

மொபைல்ல பார்த்துச் செய்யறதுல எனக்கு வருத்தம் ஒண்ணுதான். ஏன் அப்படிச் செய்யணும்னு நிறைய பேர் சொல்றதில்ல. குக்கர்ல கேக் பண்றப்ப கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துடணும்பாங்க; பாதியில மூடியைத் திறந்தா நடுவுல அமுங்கிடும்னு சொல்ல மாட்டாங்க. எங்க பையன் ‘ஓரம் சூப்பர்மா, நடுவுல மட்டும் ஈரமா இருக்கு’ன்னு சரியா சொன்னான். அடுத்த தடவை மூடியைத் தொடவே இல்ல. நடுவுலயும் பொங்கி வந்துச்சு.

சாப்பாட்டைக் குறை சொல்லாதேன்னு பெரியவங்க சொல்லி வளர்த்தாங்க. அதுல ஒரு நியாயம் இருக்கு. உப்பு கம்மின்னு தட்டைத் தூக்கி எறிஞ்ச ஆம்பளைங்களையும், அதைப் பார்த்து நடுங்கின பொம்பளைங்களையும் நம்ம தெருவுலயே பார்த்திருக்கோம். அந்தக் கோபத்துக்கு நான் இடம் கேட்கலை. பக்கத்துல உட்கார்ந்து, சாப்பிட்டு, நிதானமா காரணம் சொல்லுங்கன்னு கேட்கறேன். சொல்றதோட ஒரு வேலையையும் கையில எடுத்துக்கணும். வெங்காயம் கருகிடுச்சுன்னு சொன்னவர் அடுத்த வாரம் வெங்காயம் நறுக்கிக் கொடுத்து அடுப்புகிட்ட நிக்கணும். எங்க வீட்டுல இப்ப அதுதான் பழக்கம்.

சமைக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். முதல் தடவையே வீடு முழுக்கப் போதற மாதிரி செய்யாதீங்க. இறால் விக்கற விலைக்கு ஒரு கிலோ வாங்கி அது சரியா வரலைன்னா அந்த வாரச் செலவே இடிக்கும். அப்புறம் யாருக்கும் நிதானமா பேசற மனசு வராது. கால் கிலோ வாங்கி, ஆளுக்கு ரெண்டு வாய் வர்ற மாதிரி செய்ங்க. வழக்கமான குழம்பும் சோறும் பக்கத்துல இருக்கட்டும். பசி அடங்கின வயிறு பொறுமையா ருசி பார்க்கும்.

அடுத்து மொய்ங்கா, அதான் மீன் குழம்பு ஊத்திச் சாப்பிடற பர்மா நூடுல்ஸ், செய்யப் போறோம். வாழைத்தண்டும் மீனும் போட்டு, வீட்டு முறையில. கெளுத்தி மீனுக்கு அத்தை ஏற்கெனவே சொல்லி வச்சிட்டாங்க. குழம்பு திக்காக வறுத்த அரிசி மாவு போடறதா, கடலை மாவு போடறதான்னுதான் வீட்டுல பேச்சு ஓடுது. வியாசர்பாடியில வீட்டுல மொய்ங்கா செய்யறவங்க இதைப் படிச்சா, எது போடுவீங்க, ஏன் போடுவீங்கன்னு ரெண்டையும் எழுதுங்க.