ரைனெக்கேயின் செலோ சொனாட்டாக்களைச் சத்தமாக வாசிக்காதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் கால செலோ சொனாட்டா (செலோவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) என்றதும் எல்லோரும் இசையமைப்பாளர் பிராம்ஸிடம் போய் நிற்கிறார்கள். லைப்ஸிக் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை 1860 முதல் 1895 வரை நடத்திய கார்ல் ரைனெக்கே மூன்று எழுதியிருக்கிறார்: ஏ மைனர் (ஓபஸ், அதாவது படைப்பு எண், 42), டி மேஜர் (ஓபஸ் 89), ஜி மேஜர் (ஓபஸ் 238). மூன்றாவது, 1897இல் மறைந்த பிராம்ஸின் நினைவுக்குச் சமர்ப்பணம். அதை வைத்தே "பிராம்ஸின் நகல்" என்று ஒதுக்குவது அநியாயம். பிராம்ஸின் முதல் செலோ சொனாட்டா 1866இல் அச்சேறும் முன்பே ஓபஸ் 42 வெளிவந்துவிட்டது.

இவை மேடையில் எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் வாசிக்கும் விதமே காரணம். செலோவின் ஜி, டி தந்திகள் ஒலிக்கும் அதே இடத்தில்தான் பியானோவின் இடது கையும் உலவுகிறது. இன்றைய கிராண்ட் பியானோவின் கனத்த கீழ்ச்சுரங்கள் அங்கே செலோவை விழுங்கிவிடும். பியானோவின் மூடியைச் சாத்தினால் தீராது; மேல்சுரங்களின் தெளிவு போகும், கீழே உள்ள குழப்பம் அப்படியே இருக்கும். மூடி திறந்தே இருக்கட்டும். இடது கையின் ஒலியை ஒரு படி குறைத்து, ஒவ்வொரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போதும் ஒலியை நீட்டிக்கும் பெடலை விட்டு மீண்டும் அழுத்துங்கள். செலோக்காரர் வில்லை அழுத்திப் போட்டியிட வேண்டாம், ஒலி நெரியும். வில்லை, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜின் பக்கம் சற்று நகர்த்தி மெதுவாக இழுத்தாலே குரல் துலங்கும்.

இன்னொரு தொல்லை, உல்ஃப் சுரம். பல செலோக்களில் ஈ சுரத்துக்கும் எஃப் ஷார்ப்புக்கும் இடையே ஏதோ ஒரு சுரம் திக்கி உறுமும். மரப்பெட்டியின் சொந்த அதிர்வு தந்தியின் அதிர்வோடு மோதுவதால் வருவது. டி மேஜரில் எஃப் ஷார்ப் மூன்றாவது சுரம், ஜி மேஜரில் ஏழாவது. தப்பிக்க வழியில்லை. ஜி தந்தியில் மேலே ஏறிப் பிடிப்பதைவிட டி தந்தியில் பிடிப்பது நல்லது. அதுவும் போதாவிட்டால் பிரிட்ஜுக்குக் கீழே ஜி தந்தியில் உல்ஃப் எலிமினேட்டர் என்ற சிறு எடையை மாட்டி, உறுமல் அடங்கும் இடம்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள்.

பியானோ வாசிப்பவர் ரைனெக்கேயே வாசித்த வெல்டே-மின்யோன் சுருள்களை (தானியங்கி பியானோவில் ஓட்டும் துளையிட்ட காகிதச் சுருள்கள்) கட்டாயம் கேட்க வேண்டும். 1905இல், எண்பது வயதைக் கடந்தபின் பதிவானவை. இடது கை முன்னே விழுகிறது, வலது கை ஒரு கணம் பிந்துகிறது. கார்டுகளை மொத்தமாக அடிக்காமல் கீழிருந்து மேலாக அவிழ்க்கிறார். இந்த சொனாட்டாக்களில் செலோவுக்கு மூச்சுவிட இடம் தருவது அந்தப் பழக்கம்தான். வேகத்துக்கும் ஒலியளவுக்கும் மட்டும் சுருளைச் சான்றாக எடுக்காதீர்கள். அவை ஓட்டும் கருவியைப் பொறுத்து மாறும்.