எலும்பை எடுத்துட்டா சைவந்தானே?

(மதுரை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. செல்லையா வீட்டு அடுப்படி. வீட்டம்மா தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து என்று உசிலம்பட்டி போய்விட்டார். சாப்பிட நாலு பேர்: செல்லையா, அவருடைய ஆத்தா, மகன், வந்து பத்து நாளான மருமகள். மருமகள் பரம்பரை சைவம். உறைமோர் வாங்கக் கிண்ணத்தோடு நுழைகிறார் எதிர்வீட்டு வளர்மதி. அவர் வீட்டில் வீட்டுக்காரர் சைவம், பிள்ளைகள் அசைவம்.)

வளர்மதி: அண்ணே, உறைக்கு ஒரு கரண்டி மோரு குடுங்க. பாலைக் காய்ச்சி ஆத்தி வெச்சுட்டு வந்துருக்கேன்.

செல்லையா: நல்ல நேரத்துல வந்த தங்கச்சி. ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்லிட்டு மோரை வாங்கிட்டுப் போ. கறிக்குழம்புல கெடக்குற எலும்பு, சதை, கொழுப்பு எல்லாத்தையும் ஒண்ணுவிடாம பொறுக்கிட்டா, மிச்சம் சைவந்தான?

வளர்மதி: கெணத்துல செத்த எலியத் தூக்கிப் போட்டுட்டா அந்தத் தண்ணியக் குடிப்பீங்களா?

செல்லையா: எலிக்கு மசாலா போடலையேம்மா.

வளர்மதி: (கிண்ணத்தை மேடையில் வைக்கிறார்) இன்னைக்கு உங்க கையில அந்தப் புள்ள என்ன பாடு படப்போகுதோ. என்னதான் திட்டம்?

செல்லையா: எங்களுக்குக் கறிக்குழம்பு, நெத்திலி வறுவல். மருமகளுக்குப் புது ஊறுகா இருக்கு, அப்பளம் இருக்கு, சட்டி நெறைய மோரு இருக்கு.

வளர்மதி: வந்த பத்தாம் நாளு, ஞாயித்துக்கெழம, நீங்க மூணு பேரும் நல்லி எலும்ப உறிஞ்சுவீங்க, அது மோருஞ்சோறு திங்கணும். காய்ச்சக்காரிக்குக்கூட ஒரு தொவையல் அரைப்பாங்கண்ணே.

செல்லையா: ரெண்டு சமையல் பண்ண எனக்கு எங்கம்மா நேரம்?

வளர்மதி: யாரு ரெண்டு சமையல் பண்ணச் சொன்னா? கம்மாத் தண்ணி ஒண்ணுதான், மடையில ரெண்டு வயலுக்குப் பிரியுதுல்ல? அதேதான். மசாலா வரைக்கும் ஒரே சட்டி. கறி உள்ள விழுகுறதுக்கு முந்தி சைவப் பங்க எடுத்துரணும். பெறகு எடுக்குற பேச்சே கெடையாது.

செல்லையா: இம்புட்டுத்தானா? இப்பவே பிரிச்சிருவோம்.

வளர்மதி: இருங்க. அது என்ன அடுப்புல?

செல்லையா: சோறு. அரிசியக் களைஞ்சு குக்கர்ல போட்டுட்டேன். அதுல நான் கெட்டி.

(வளர்மதி அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, கேஸ்கட்டைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.)

வளர்மதி: மோந்து பாருங்க.

செல்லையா: அட! போன வாரம் வெச்ச ஆட்டுக்கால் பாயா! ஏழு நாளாகியும் வாசம் போகல பாரு!

வளர்மதி: பெருமையா வேற இருக்காக்கும். ரப்பர் வாசத்தக் குடிச்சு வெச்சுக்கிரும். நீங்க பானையத் தேய்தேய்னு தேய்ச்சாலும், ஆவி இதுல பட்டு அப்படியே சோத்துலதான் எறங்கும். நமக்குத் தெரியாது. சைவக்கார மூக்குக்கு மூடியத் தொறந்தவுடனே தெரியும். கறிக்கு ஒரு கேஸ்கட், பருப்புக்கும் சோத்துக்கும் ஒண்ணு, தனித்தனியா வெச்சுக்கங்க. கறி கேஸ்கட்டுல ஒரு நூலைக் கட்டிவிட்டுருங்க. இன்னைக்கு அரிசிய வடிக்கிற பானைக்கு மாத்துங்க.

செல்லையா: (மாற்றிக்கொண்டே) ரசமும் வெச்சுட்டேன். அதாவது சைவம். தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு...

வளர்மதி: அப்புறம்?

செல்லையா: ஒரே ஒரு எலும்பு.

வளர்மதி: அண்ணே!

செல்லையா: சின்னதும்மா. ருசிக்கு.

வளர்மதி: அது உங்க ஆத்தாவுக்கு. வேற ரசம் வைப்போம். பொதுவா எல்லாரும் ஊத்திக்கிற பண்டம், சோறு, ரசம், மோரு, இந்த மூணும் சுத்த சைவமா இருந்துட்டா பாதிச் சங்கடம் தீந்துச்சு. அசைவத்துக்குன்னு ஒரு சட்டிதான் தனி. நீங்க என்னடான்னா அந்தப் புள்ளைய ஒரு மூலைக்குத் தள்ளிட்டு மத்த எல்லாச் சட்டியிலயும் எலும்பப் போட்டு வெச்சிருக்கீங்க.

செல்லையா: சரிம்மா, சரி. இந்தா, கறிக்குப் பதிலா அதுக்குப் போட நேத்தே மீல் மேக்கர் வாங்கியாந்துட்டேன். அச்சு அசல் கறி மாதிரியே இருக்கும்.

வளர்மதி: யாருக்குக் கறி மாதிரி இருக்கணும்? உங்களுக்கா, அதுக்கா? கறி தின்னு பெறகு விட்டவங்களுக்கு வேணா அந்த மெல்லுற ருசி தேடும். பொறந்ததுல இருந்து தொடாத புள்ளைக்குப் பல்லுல நார் நாரா மாட்டுனா, இது என்னவா இருக்குமோன்னு சந்தேகத்துலயே சோறு எறங்காது. புடிக்குமான்னு கேட்டீங்களா?

செல்லையா: மருமகட்ட எப்படிக் கேக்குறது?

வளர்மதி: வாயாலதான்.

(செல்லையா வாசல்வரை போய், தொண்டையைச் செருமி, ஏதோ கேட்டுவிட்டுத் திரும்புகிறார்.)

செல்லையா: வேணாமாம். சேனைக்கிழங்குன்னா உசுராம். வீட்டுல அரைக் கிலோ கெடக்கு தங்கச்சி!

வளர்மதி: கேட்டா வேலை முடிஞ்சுச்சுல்ல? மீல் மேக்கர் உங்க மகனுக்கு ஒரு நாளைக்கு ஆகும். அப்பச் செய்யுறப்ப, 50 கிராமை உப்புப் போட்ட கொதிதண்ணியில பத்து நிமிஷம் ஊறவெச்சு, பச்சத்தண்ணியில ரெண்டு தடவை அலசி, ஒட்டப் புழிஞ்சுட்டுப் போடுங்க. புழியாமப் போட்டா உள்ள இருக்குற சோயாத் தண்ணி குழம்புல கசிஞ்சு மாவு நாத்தம் அடிக்கும். குழம்பும் அதுக்குள்ள எறங்காது. சரி, கிழங்க எடுங்க. நூறு கிராம் போதும்னு வெட்டிராதீங்க.

செல்லையா: ஒரு ஆளுக்குத்தானம்மா?

வளர்மதி: அங்கதான் எல்லா வீட்டுலயும் கணக்குத் தப்புது. சைவ வெஞ்சனத்த ஒரு ஆளுக்கு அளந்து வெப்பாங்க. உங்க மகன் ‘ஒரு துண்டு பாக்குறேன்’னுவான். ஆத்தாவுக்குப் பல்லு இல்ல, மெத்துனு இருக்குன்னு நாலு துண்டு போகும். கறி திங்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் கதவு தொறந்திருக்கு, அந்தப் புள்ளைக்கு ஒண்ணுதான். கடைசியில அதுக்குச் சட்டியடிதான் மிஞ்சும். அரைக் கிலோவையும் போடுங்க. பரிமாறும்போதும் மொதல்ல அது இலைக்கு.

செல்லையா: (கத்தியை எடுத்து) முதல்ல கறிய வெட்டிர்றேன்.

வளர்மதி: காய் முந்தி. கறி பெறகு. கத்தியும் பலகையும் ஒண்ணுதான் இருக்குன்னா அதுதான் வழி. கையில எண்ணெயத் தடவிக்கங்க.

செல்லையா: எதுக்கு?

வளர்மதி: கிழங்கு அரிக்கும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட்டு இருக்கு. தொண்டையில காறுறதும் அதாலதான். ஒரு இஞ்சுத் துண்டா வெட்டி, மஞ்சத்தூள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணி விட்டு எட்டுப் பத்து நிமிஷம் வேகவெச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிருங்க. கத்தி எறங்கணும், துண்டு ஒடையக்கூடாது. முக்கால் வேக்காடு. மிச்சம் குழம்புல வேகும்.

(கிழங்கு ஒரு அடுப்பில். மற்றதில் வடைச்சட்டி. ஐந்து கரண்டி கடலெண்ணெய், பட்டை, கிராம்பு, சோம்பு. கால் கிலோ சின்ன வெங்காயம் வதங்குகிறது. இஞ்சி பூண்டு விழுது, மூணு தக்காளி. பிறகு மல்லித்தூள் நாலு டீஸ்பூன், மிளகாய்த்தூள் ரெண்டு, மஞ்சத்தூள் அரை.)

செல்லையா: தூளு போட்டாச்சு. பிரிச்சிரவா?

வளர்மதி: பொறுங்க. தீயக் கொறைச்சு, எண்ணெய் ஓரத்துல பிரியிற வரைக்கும் கிண்டுங்க. உங்க கறிப் பங்கு குக்கருக்குள்ள அஞ்சாறு விசில் வேகப் போகுது. அதுல மசாலா பச்ச வாசம் தானாப் போயிரும். கிழங்குப் பங்கு தொறந்த சட்டியில பத்து நிமிஷந்தான் கொதிக்கும். இப்ப வதக்குனாத்தான் உண்டு. ‘அதே மசாலாதான போட்டேன், சைவக் குழம்பு மட்டும் ஏன் பச்ச நாத்தம் அடிக்குது’ம்பாங்க. இதுதான் காரணம்.

செல்லையா: ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் வெச்சிருக்கியே. அப்ப உப்பப் போட்டுரலாமா?

வளர்மதி: போடாதீங்க. வெங்காயம் வதங்க ஒரு சிட்டிகை போட்டது போதும். மொத்த உப்பையும் இதுல கொட்டிட்டா அரைக் கிலோ கறிக்கு உண்டான உப்பு கிழங்குக்கும் ஏறிரும். பிரிச்ச பெறகு அதது அளவுக்கு. கிழங்கு வேற உப்புலயே வெந்துருக்கு.

செல்லையா: (எண்ணெய் பிரிந்ததும் கரண்டியோடு) நாலு பேருல ஒரு ஆளு. நாலுல ஒரு பங்கு எடுக்குறேன்.

வளர்மதி: மூணுல ஒரு பங்கு எடுங்க.

செல்லையா: என்னம்மா, இது அநியாயக் கணக்கு.

வளர்மதி: கறி வேகும்போது அதுலேந்து சாறும் கொழுப்பும் எறங்கிக் குழம்பு தானாக் கெட்டியாயிரும். எலும்பு போட்டா இன்னும். கிழங்கு என்னத்தக் குடுக்கும்? அது குடிக்கத்தான் செய்யும். அதனால மசாலா கூடப் போகணும், தண்ணி கொறையணும். கறிக்கு மூணு டம்ளர் ஊத்துனா இதுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஊத்திட்டு, சைவக் குழம்பு நீத்தாப் போயிருச்சேன்னு கடைசியில மாவு கரைச்சு ஊத்துறதெல்லாம் வேணாம். அரை மூடித் தேங்காயோட ஒரு ஸ்பூன் கசகசா, ஆறு முந்திரி சேத்து அரைச்சு, அதுலயும் இதே கணக்குல பிரிச்சுக்கங்க. எறக்குறதுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு முந்தி ஊத்துனாப் போதும். ரொம்பக் கொதிச்சா தேங்கா திரிஞ்சுரும்.

செல்லையா: இந்தப் பட்டை கிராம்பு வாசம் அதுக்கு ஒத்துக்குமா?

வளர்மதி: (கொஞ்சம் வியந்து) பரவால்லண்ணே, தேறிட்டீங்க. சில சைவ வீட்டுல பட்டை, சோம்பு வாசமே கறி வாசமாத் தெரியும். அந்தக் கொழப்பம் இருந்தா பிரிக்கிற வரைக்கும் வெறும் வெங்காயம் தக்காளி போதும். பட்டை, கிராம்பு, சோம்ப தனியா எண்ணெயில தாளிச்சுக் கறிப் பங்குல மட்டும் கொட்டிரலாம். இன்னைக்குப் போட்டாச்சு. வேணுமா வேணாமான்னு அடுத்த வாரம் அதுகிட்டயே கேளுங்க.

செல்லையா: வாயாலதான?

வளர்மதி: ஆமா.

(கறி குக்கருக்குள் போகிறது. நூல் கட்டிய கேஸ்கட். கிழங்கு சின்னச் சட்டியில் கொதிக்கிறது. ரெண்டு சட்டிக்கும் ரெண்டு கரண்டி. செல்லையா வாணலியில் எண்ணெயை ஊற்றிவிட்டு நெத்திலியைத் தூக்குகிறார்.)

வளர்மதி: அப்பளம் எங்க?

செல்லையா: நெத்திலிக்குப் பெறகு, அதே எண்ணெயில... (நிறுத்தி) அப்பளம் முந்தி. நெத்திலி பெறகு.

வளர்மதி: அப்பளம், வத்தல், வடகம், எல்லாம் பொரிச்சுத் தனியா எடுத்து வெச்சுட்டு, கடைசியா நெத்திலி. மீன் பொரிச்ச எண்ணெய வடிகட்டி வெச்சீங்கன்னா பாட்டில்ல எழுதி ஒட்டுங்க. இல்லாட்டி நாளைக்கு அதுல சாம்பாருக்குத் தாளிச்சிருவீங்க. தோசைக்கல்லும் அப்படித்தான். ஆம்லெட் ஊத்துன இரும்புக்கல்லு எம்புட்டுத் தேய்ச்சாலும் அடுத்த தோசையில கவிச்சி அடிக்கும். தனிக் கல்லு ஒண்ணு வாங்கிருங்க.

செல்லையா: ஆம்லெட்டுன்னதும் ஞாபகம் வருது. முட்டை சைவந்தான? சாயங்காலம் காப்பிக்கு அதுக்குன்னு கேக்கு வாங்கி வெச்சிருக்கேன்.

வளர்மதி: சில பேரு முட்டை மட்டும் திம்பாங்க. அது அவங்கவங்க இஷ்டம். ஆனா பாக்கெட்டுச் சட்டத்துல முட்டை அசைவம், பாலும் தேனும் சைவம். எடுங்க அத. கட்டத்துக்குள்ள என்ன போட்டுருக்கு?

செல்லையா: கண்ணாடி இல்லாம கலர் தெரியலம்மா.

வளர்மதி: உருவத்தப் பாருங்க. பச்சைப் புள்ளின்னா சைவம். அசைவத்துக்கு முன்னாடி பழுப்புப் புள்ளி போட்டாங்க. 2020 விதியில அத பழுப்பு முக்கோணமா மாத்திட்டாங்க. கலர் பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கும் தெரியணும்ல.

செல்லையா: (தடவிப் பார்ப்பதுபோல்) முக்கோணம்.

வளர்மதி: ஆத்தாவுக்கு.

செல்லையா: ஆத்தாவுக்கு இன்னைக்கு யோகம். எலும்பு ரசம், முட்டைக் கேக்கு. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா, இம்புட்டையும் மனுசன் எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது?

வளர்மதி: புரட்டாசி மாசம் முழுக்க உங்க வீட்டுல கறி உண்டா?

செல்லையா: சேச்சே. சனிக்கெழம சனிக்கெழம பெருமாளுக்கு வெரதம். கறிக்கடைப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டோம்.

வளர்மதி: அப்ப காராமணிக் குழம்பு, வாழைக்காப் பொரியல், உருளைக்கெழங்கு மசாலா, கொண்டக்கடலைன்னு தின்னுட்டுத்தான இருந்தீங்க? யாராச்சும் எளைச்சீங்களா? அத வாரத்துல நாலு நாளைக்குப் பொதுச் சமையலா வெச்சுட்டா, பிரிக்கிற வேலையே கறி எடுக்குற நாளைக்கு மட்டுந்தான். ஒண்ணு, காயை மட்டும் போட்டு விட்டுராதீங்க. பருப்போ பயறோ கடலையோ ஒண்ணு தட்டுல இருக்கணும். கொண்டக்கடலைன்னா ராத்திரியே எட்டு மணி நேரம் ஊறணும். காலையில எந்திரிச்சு ஊறப்போட்டா பல்லுதான் போகும்.

(குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. மூடி போடுவதற்கு முன் கறிக்குழம்பில் உப்புப் பார்த்துக் கிண்டிய கரண்டி செல்லையா கையில் இன்னும் இருக்கிறது.)

செல்லையா: பேச்சுல மறந்தே போச்சு பாரு. உன் மோரு. இந்தா, கிண்ணத்தக் குடு.

(மோர்ச் சட்டியைத் திறந்து கரண்டியை முக்குகிறார்.)

வளர்மதி: அண்ணே! அந்தக் கரண்டி!

செல்லையா: (கரண்டியைப் பார்க்கிறார். மோரின் மேல் சிவப்பாக எண்ணெய் மிதக்கிறது.) லேசாத்தான் பட்டுருக்கு...

வளர்மதி: வீட்டுல இருக்குறது இந்த ஒரு சட்டிதானா?

செல்லையா: ஆமா. உன் வீட்டுல இருந்து ஒரு சொம்பு...

வளர்மதி: இருந்தா நான் ஏன் கிண்ணத்தத் தூக்கிட்டு வாறேன்?

செல்லையா: மேலாப்புல மட்டும் வழிச்சு எடுத்துட்டா...

வளர்மதி: எலி.

செல்லையா: (துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு) தெருமுக்குக் கடை தொறந்திருக்கும். தயிரு பாக்கெட்டுல பச்சைப் புள்ளிதான இருக்கும்?

வளர்மதி: அதேதான். ரெண்டா வாங்கியாங்க, எனக்கும் உறை ஊத்தணும். இந்தச் சட்டிய...

செல்லையா: ஆத்தாவுக்கு.