ஸ்காபரோ-ரூஜ் ரிவர் என்றொரு தொகுதி இருந்தது

கனடாப் பாராளுமன்றத் தேர்தலில் ராதிகா சிற்சபைஈசன் எங்கே வென்றார் என்று இங்கே ரொறொன்ரோவில் யாரைக் கேட்டாலும், நகரின் கிழக்குப் பகுதியான "ஸ்காபரோவில" என்பார்கள். சரி, ஸ்காபரோவில் எந்தத் தொகுதி? பாதிப் பேர் முழிப்பார்கள். மிச்சப் பேர் இன்றைக்கு இருக்கிற ஏதாவதொரு தொகுதியின் பெயரைச் சொல்வார்கள், அதுவும் பிழை.

அதன் பெயர் ஸ்காபரோ-ரூஜ் ரிவர். 1988 தேர்தலில் தொடங்கி 2011 தேர்தல் வரை ஒட்டாவாவில் இருக்கிற கனடாப் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய தொகுதி. அதில் ஏழு தேர்தல்களைத் தொடர்ந்து வென்றவர் லிபரல் கட்சியின் டெரெக் லீ. லிபரலின் சிவப்பு நிறத்தில் கம்பத்தை நட்டாலும் வெல்லும் என்று எங்கட ஆட்களே பகிடி விடுவார்கள். 2011 இல் அவர் போட்டியிடவில்லை, என்டிபி என்கிற புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஜாக் லேட்டனின் செம்மஞ்சள் அலையும் சேர்ந்து அடித்தது, யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் கனடா வந்த ராதிகா அந்தக் கோட்டையை என்டிபிக்குப் பிடித்துக் கொடுத்தார். கனடாப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர். அன்றிரவு அப்பா தொலைக்காட்சியை நிறுத்தவே விடவில்லை.

நாலே வருடம். 2015 இல் தொகுதியே இல்லை. ஒரு பக்கம் ஸ்காபரோ வடக்கு, மறுபக்கம் 401 நெடுஞ்சாலையைத் தாண்டித் தெற்கேயும் இறங்கும் ஸ்காபரோ-ரூஜ் பார்க். அந்த வருடம் வந்த வாக்காளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், "நாங்கள் வீடு மாறிட்டமோ?"

"எங்கட தொகுதியை வேணுமெண்டே வெட்டிப்போட்டாங்கள்" என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பத்து வருடத்துக்கு ஒருமுறை சனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, கட்சிகளின் கையில் விடாமல், மாகாணத்துக்கொரு சுயாதீன ஆணைக்குழு போட்டு எல்லா இடத்துக்கும் கோடு கீறுகிறார்கள். அந்த முறை நாடு முழுக்க 308 ஆசனம் 338 ஆனது. ராதிகா ஸ்காபரோ வடக்கில் மூன்றாவதாக வந்தது உண்மைதான், ஆனால் அந்த வருடம் லிபரல் தலைவர் ட்ரூடோவின் அலையில் ரொறொன்ரோவில் என்டிபி எங்கேதான் தப்பியது? அதே இரவு, அதே வெட்டில் பிறந்த ரூஜ் பார்க்கில் கரி ஆனந்தசங்கரி லிபரலில் வென்றார். 2016 இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்ததும் அவர்தான். வெட்டினது தமிழரைக் கவிழ்க்க என்றால் கணக்கு இடிக்கிறதே.

என்னுடைய ஆத்திரம் பெயர் மாற்றத்தில்தான். மாகாணத் தேர்தலில் ரூஜ் ரிவர் 2018 வரை உயிரோடு இருந்தது, ஆகவே மூன்று வருடம் ஒரே வீட்டுக்கு ஒட்டாவாவுக்கு ஒரு பெயர், மாகாணச் சட்டசபை இருக்கிற குயின்ஸ் பார்க்குக்கு இன்னொரு பெயர். அதைப் பாடமாக்கி முடிக்க 2025 இல் ஒட்டாவாத் தேர்தலில் ரூஜ் பார்க்கும் போய், ஸ்காபரோ-கில்ட்வுட்-ரூஜ் பார்க் என்று ரயில் நீளத்துக்கு ஒன்று வந்தது. இதையெல்லாம் எந்தச் சனம் நினைவில் வைத்திருக்கும்?

2011 இல் எங்கள் வீட்டுப் புல்வெளியில் குத்தியிருந்த செம்மஞ்சள் பலகை இன்னும் அப்பாவின் கராஜில் கிடக்கிறது. பனிக்காலத்தில் சப்பாத்துகளை அதன்மேல்தான் கழற்றி வைக்கிறோம்.